பதில் சொன்ன பெண்கள், கேள்வி கேட்ட பெண்கள்

ஊரக வளர்ச்சி, சமுதாய மேம்பாடு என்ற தலைப்புகளில் வரும் முனைவர் பட்ட ஆய்வேடுகளை நான் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். பின்னிணைப்பில் வினாநிரல் இருக்கும். ஆய்வாளர் யாரிடம் போனார், எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதெல்லாம் முன்னுரையைவிட அங்கே தெளிவாகத் தெரியும். பெயர், வயது, சாதி, கணவர் பெயர், கணவர் தொழில், குடும்ப வருமானம், மகளிர் குழுவில் சேர்ந்த ஆண்டு, வாங்கிய கடன், கட்டிய தவணை. பதில் சொன்னவர் பெரும்பாலும் ஒரு கிராமத்துப் பெண். அப்படி நூறு பேர், முந்நூறு பேர். நான்காம் இயலுக்குள் அவர்கள் எல்லோரும் விழுக்காடுகளாகிவிடுவார்கள்.

நான் தமிழ்த் துறையைச் சேர்ந்தவள். இந்த ஆய்வேடுகளோடு எனக்குப் பழக்கம் வந்தது மொழியால்தான். ஆங்கிலத்தில் தயாரித்த வினாநிரலைத் தமிழாக்கித் தரச் சொல்லி சமூக அறிவியல் ஆய்வு மாணவிகள் வருவார்கள். அவர்களில் நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் பக்கத்துப் பெண்களும் உண்டு. அவர்களுடைய அம்மாக்கள் மகளிர் குழுக்களில் இருந்தவர்கள். முன்பு யாரோ ஒரு ஆய்வாளருக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர்கள். அம்மா பதில் சொன்ன திண்ணைக்கு மகள் கேள்வித்தாளோடு வருகிறாள். இந்த இடமாற்றத்துக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. சமுதாய மேம்பாட்டில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் மாணவிகள் முதலில் படிக்க வேண்டியது அந்த வரலாற்றைத்தான் என்பது என் எண்ணம்.

ஊருக்குத் திரும்பிய மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தியாவின் பொருளாதாரத்தைப் புத்தகத்திலிருந்து படித்துப் பயனில்லை, கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊரைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி ஆகிய ஊர்கள் அப்படித்தான் 1918இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றன. அதே ஊர்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் கிராம ஆய்வு என்ற மரபின் தொடக்கம் இதுதான். சொந்த ஊர்க்காரனே ஊரைப் பற்றி எழுதலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் ஊர்க்காரன்தான், ஊர்க்காரி அல்ல. இராணி மேரிக் கல்லூரி 1914இலேயே சென்னையில் தொடங்கப்பட்டிருந்தது. இருந்தாலும் ஒரு பெண் கேள்விப் பட்டியலோடு தெருத்தெருவாகப் போய் நிலமெவ்வளவு, கடனெவ்வளவு என்று கேட்கக்கூடிய காலமாக அது இல்லை. சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படிக்க முடிந்த குடும்பங்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. சேரியிலிருந்து யாரும் வந்து ஊரைக் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுப்பவர், கணக்கெடுக்கப்படுபவர் என்ற பிரிவினை ஆய்வு தொடங்கிய நாளிலேயே பால், சாதி இரண்டாலும் தீர்மானமாகிவிட்டது.

சேவிகாவின் நாட்குறிப்பு

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 55 இடங்களில் தொடங்கியது. சென்னை மாகாணத்துக்கு இது முழுப் புதிது அல்ல. 1946லேயே பிர்கா வளர்ச்சித் திட்டம் இங்கே வந்துவிட்டது. 1953இல் தேசிய விரிவாக்கப் பணி சேர்ந்தது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. நாமகிரிப்பேட்டையும் அப்படி ஒரு ஒன்றியத்தின் தலைமையிடம். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் தனியாகச் செயல்படத் தொடங்கியது. ஊர் மக்களுக்கு இன்றும் அது ‘யூனியன் ஆபீஸ்’தான்.

ஒரு வட்டாரத்துக்குப் பத்து கிராம சேவகர்கள், இரண்டு கிராம சேவிகாக்கள். இதுதான் நாடு முழுவதற்குமான பணியாளர் அமைப்பு. சுமார் நூறு கிராமங்களுக்கு இரண்டே பெண்கள். சேவகர் விதை, உரம், கடன் பற்றி ஆண்களிடம் பேசினார். சேவிகா மாதர் சங்கம் அமைத்து, புகையில்லா அடுப்பு, தையல், குழந்தை வளர்ப்பு, சத்துணவு பற்றிப் பெண்களிடம் பேசினார். வயலில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் அறுப்பதும் பெண்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வேளாண்மை ஆணுக்குரிய செய்தி, சமையல் பெண்ணுக்குரிய செய்தி என்று திட்டத்தின் தாளிலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்த இரண்டு சேவிகாக்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பஸ் போகாத ஊருக்கு நடந்து போனவர்கள். தனியாக வரும் பெண் என்ற பேச்சைத் தாங்கியவர்கள். எந்த வீட்டில் யார் பட்டினி, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது பிரசவம் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தவர்கள். இன்றைய ஆய்வு முறையியல் நூல்கள் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று ஓர் இயல் முழுக்கச் சொல்வதை அவர்கள் வேலையாகவே செய்தார்கள். பார்த்ததை நாட்குறிப்பாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார்கள். அது அரசாங்கக் கோப்பாயிற்று, அறிவு என்ற பெயரை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. சமுதாய வளர்ச்சித் திட்டம் ஏன் தோற்றது, எங்கே வென்றது என்று எத்தனையோ பேர் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். சேவிகாவின் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை அவற்றில் மிகக் குறைவு.

அடுப்படி வழியாக ஒரு வாசல்

இந்தத் துறையில் பெண்களுக்கு உயர்கல்வி வாசல் எப்படித் திறந்தது என்று பார்த்தால் இரண்டு பெயர்களைத் தவிர்க்க முடியாது.

ஒருவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். 1904இல் பிறந்தவர், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறுவயதில் மணமாகி இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பின்னர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். ஜி. ராமச்சந்திரனை 1940இல் மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1956இல் ஊரக உயர்கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் பெற்றது மருத்துவப் பட்டம், முனைவர் பட்டமல்ல. ஆனால் கிராமத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற ஒரு பல்கலைக்கழகமே அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அம்மாதிரித் தங்கலுக்குப் பெண் பிள்ளைகளையும் அனுப்பலாம் என்று பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது சிறிய வேலையல்ல.

மற்றவர் ராஜம்மாள் பி. தேவதாஸ். 1919இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தவர். 1957இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 1988இல் பெண்களுக்கான நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கொங்குப் பகுதியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மேற்படிப்புக்குப் போன பெண்களுக்கு அது பழக்கமான பெயர். மனையியலும் மனையியல் விரிவாக்கமும் படித்த பெண்கள் கிராமங்களுக்கு ஆய்வாளர்களாகப் போனார்கள்.

மனையியலைக் கேலி செய்வது நம்மிடையே எளிதாகிவிட்டது. பெண்ணைச் சமையலறைக்குள் வைத்துப் பட்டம் கொடுத்த படிப்பு என்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் ‘மனையியல் படிக்கிறாள்’ என்று சொன்னால்தான் பல வீடுகளில் பெண்ணை வெளியூர் அனுப்பினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வெளியே வந்தவர்கள் ஊட்டச்சத்துக் குறைவை அளந்தார்கள், இரத்தசோகையைக் கணக்கெடுத்தார்கள், வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். அடுப்படியைப் படிக்கப் போனவர்கள் வீட்டுக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வைப் படித்துவிட்டு வந்தார்கள். அதைப் பெண்ணடிமைத்தனம் என்று பெயர் சொல்லி எழுத அந்தத் துறையின் மொழியில் அப்போது இடமில்லை.

அந்த மொழி எழுபதுகளில் வந்தது. எஸ்தர் போசெரப் 1970இல் எழுதிய நூல், வளர்ச்சித் திட்டங்கள் உழவில் பெண்களின் பங்கைக் காணாமல் அவர்களைப் பின்னுக்குத் தள்ளுவதை உலக அளவில் எடுத்துக்காட்டியது. இந்தியாவில் 1974இல் முடிக்கப்பட்ட ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை, சுதந்திரத்துக்குப் பின் பெண்களின் நிலை பலவகையில் கீழிறங்கியிருப்பதைக் காட்டியது. அந்தக் குழுவின் தலைவர் புல்ரேணு குஹா, உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். நாங்கள் எல்லாம் படித்தவர்கள், இதைக் காணாமல் எப்படி இருந்தோம் என்ற கேள்வி அந்தக் குழுவில் இருந்தவர்களையே உலுக்கியது. பெண்ணியல் என்ற துறை பிறந்தது. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் வந்தது. வினாநிரலில் ‘கணவர் தொழில்’ என்ற வரியோடு ‘உங்கள் தொழில்’ என்ற வரியும் மெல்லச் சேர்ந்தது.

சேலத்துக்கு வந்த ஆய்வாளர்கள்

தொண்ணூறுகளில் சேலம் மாவட்டத்துக்கு ஆய்வாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, மகளிர் சுய உதவிக் குழு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991–92இல் சேலத்துக்கும் விரிந்தது. பிறகு 1997–98இல் மகளிர் திட்டமாகி மாநிலமெங்கும் பரவியது. இரண்டாவது, பெண் சிசுக்கொலை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாலின விகிதம் மாநிலத்தில் மிகவும் தாழ்ந்திருந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் சேலத்தில்தான்.

ஒரே பெண்ணிடம் இரண்டு வகைக் கேள்விகளோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அவளுடைய சேமிப்பைக் கேட்டார், இன்னொருவர் அவளுடைய இறந்த குழந்தைகளைக் கேட்டார். இரண்டாவது கேள்வியை மாமியார் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும்? கேட்பவர் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்? இன்று ஆய்வு அறம் என்று நாம் பாடம் நடத்துவதை அந்தப் பெண்கள் முதலில் தங்கள் உடம்பால் அறிந்தார்கள். பல பேர் மௌனமாக இருந்தார்கள். ‘பதிலளிக்கவில்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது.

மொழியாலும் நிறையப் போனது. நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர் பெற்ற ஊர். ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து விலை சொல்வார்கள். கிழங்கை வெட்டியெடுப்பது, மண் உதறுவது, வேர் ஆய்வது, விரலியையும் உருண்டையையும் பிரிப்பது, வேகவைத்ததைப் பரப்பிக் காயவைப்பது என்று ஏலத்துக்கு வரும்வரை மஞ்சளில் பெண் கை படாத கட்டம் குறைவு. எந்தக் கிழங்கு சரியாக வெந்தது என்று அழுத்திப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இத்தனையும் வினாநிரலில் ‘விவசாயக் கூலி’ என்ற ஒரு சொல்லாகிறது. சொந்தக் காட்டில் செய்தால் அதுவும் இல்லை, ‘இல்லத்தரசி’. தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டு, எண்ணாக்கப்பட்டு, ஆங்கில ஆய்வேடாக நூலகத்துக்குப் போகிறது. சொன்னவர் அதைப் படிக்கவே முடியாது.

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. கரின் கபாடியா லண்டனில் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1995இல் நூலாக வந்தது. திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி, தலித் பெண் தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. மேல்சாதி மதிப்பீடுகளை ஒடுக்கப்பட்டவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற பழைய கருத்தை அந்தப் பெண்களின் பேச்சே மறுத்தது. பதில் சொல்பவருக்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் ஆய்வு எவ்வளவு மாறும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஏணியில் எடுக்கப்பட்ட படி

பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் சேலத்தில் வந்தது. அதுவரை சேலம், தருமபுரிப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்ததும், காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஆய்வுப் படிப்பு கிடைத்தது. வெளியூரில் தங்க அனுமதி கிடைக்காத பெண்களுக்கு அந்தத் தூரம்தான் எல்லாம்.

அவர்கள் ஏறிய படி எம்.பில். ‘இன்னும் ஒரு வருஷம்தான்’ என்று வீட்டில் சொல்ல முடிந்த படிப்பு. அந்த ஓராண்டில் ஒரு சின்ன ஆய்வேடு எழுதி, களத்துக்குப் போய்ப் பார்த்து, தன்னால் முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பல பெண்கள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.பில். படிப்பை நிறுத்திவிட்டன. அதே விதிகள் பிஎச்.டி. முடிக்கப் பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் விடுப்பும் தருகின்றன. இவை 2016லிருந்தே இருக்கும் நல்ல விதிகள். ஆனால் அவை உள்ளே வந்துவிட்டவளுக்கு உதவும். வாசலில் நிற்பவளுக்கு முதல் படி போய்விட்டது. முதுகலை முடித்த இருபத்து மூன்று வயதுப் பெண் இப்போது வீட்டில் கேட்க வேண்டியது ஓராண்டு அல்ல, ஐந்தாறு ஆண்டு. எந்தக் கல்யாணப் பேச்சு அதுவரை காத்திருக்கும்?

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இளநிலைப் பட்டத்தோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேற வேண்டும், அல்லது பகுதிநேரமாகப் பதிவு செய்து தனியார் கல்லூரியிலோ பள்ளியிலோ வேலை பார்த்தபடி ஞாயிற்றுக்கிழமைகளில் களப்பணி செய்ய வேண்டும். சமுதாய மேம்பாடு நூலகத்தில் உட்கார்ந்து செய்யும் ஆய்வும் அல்ல. கூலிக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருப்பது விடியலிலும் இருட்டிய பிறகும்தான். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அருந்ததியர் தெருவிலிருந்து வந்த ஆய்வு மாணவியை ஊர்த்தெருவில் எந்தத் திண்ணை வரை விடுவார்கள் என்பதும் மாதிரி எடுத்தல் முறையை முடிவு செய்கிறது. ஊர்த்தெருப் பெண் காலனிக்குப் போனால் உட்காரப் பாய் கிடைக்கும், உண்மையான பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டின் ‘எல்லைகள்’ பகுதியில் யாரும் இதை எழுதுவதில்லை. மாணவிகள் எழுத வேண்டும், நெறியாளர்கள் அதை அடிக்காமல் விட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் ஆவணம்

என்னிடம் வினாநிரலோடு வந்த மாணவி ஒருத்தி, களத்தில் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைச் சொன்னாள். குழுவில் பல காலம் ஊக்குநராக இருந்த அம்மா ஒருவர் கேட்டாராம்: “எல்லாத்தையும் எழுதிக்கிறயே கண்ணு, நாங்க எழுதி வெச்சத யாராச்சும் படிப்பாங்களா?” அவர் சொன்னது குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் கடன் லெட்ஜரையும்.

அந்தக் கேள்வி என் சிந்தனையைத் திருப்பியது. குழு தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் தீர்மானம் எழுதப்பட்டிருக்கும். வந்தவர்களின் கையெழுத்து, கைநாட்டு, சந்தாத் தொகை, யாருக்கு எதற்காகக் கடன் என்ற விவரம். பிரசவம், பள்ளிக் கட்டணம், மாடு, மகளின் சீர், கணவனின் மருத்துவச் செலவு. எந்த ஆண்டு மழை பொய்த்தது என்பது தவணை தவறிய வரிகளில் தெரியும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர் எந்த மாதம் கையெழுத்துப் போடத் தொடங்கினார் என்பதும் தெரியும். முப்பதாண்டுக் காலம் கிராமப் பெண்கள் தங்கள் கையால், தங்கள் தமிழில் எழுதிய பொருளாதார வரலாறு இது. ஸ்லேட்டரின் மாணவர்களால் எழுத முடியாததும், சேவிகாவின் நாட்குறிப்பு எழுதக் கூடாததும் இதில் இருக்கிறது. இப்போது அது ட்ரங்குப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கிறது. வங்கிக் கணக்கு முடிந்துவிட்டால், வீடு மாற்றினால், பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

இந்தத் துறையில் ஆய்வுக்குப் பதிவு செய்யும் மாணவிகளிடம் நான் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, வினாநிரலோடு ஊருக்குப் போகுமுன் அந்த ஊரின் குழுப் பதிவேடுகளைத் தேடுங்கள். உரியவர்களின் சம்மதத்தோடு, கடன்பட்டவர் பெயர் வெளியே தெரியாமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. இரண்டாவது, அவர்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே ஆய்வேட்டில் தமிழில் பதியுங்கள். ஆங்கிலம் அதன் கீழே வரட்டும். மூன்றாவது, வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு பத்துப் பக்கத்தில் எளிய தமிழில் முடிவுகளை எழுதி, பதில் சொன்னவர்கள் முன் ஒரு குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அங்கே வரும் திருத்தங்கள் எந்தப் புறத் தேர்வாளரின் அறிக்கையிலும் வராது.

ஆய்வாளர் என்ற நாற்காலிக்குப் பெண்கள் வந்து சேர நூறாண்டு ஆகியிருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் நாமும் பழைய வினாநிரலையே நீட்டினால், மாறியது கேட்பவரின் உடை மட்டும்தான். நாமகிரிப்பேட்டைப் பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும் முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும், நோட்டுகளைச் செல்லரித்துவிடுவதற்குள்.